அம்மாவின் துப்புரவு

துப்புரவு என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. அம்மாவின் துடைப்பத்துக்குப் பின்னால் நடந்து கற்றேன். அவள் பெருக்கி முடித்த தரையில் ஈரக்காலோடு வந்து நின்றால், "இன்னாடி, இப்பதான துப்புரவா பெருக்கினேன்" என்பாள். மீன் கழுவிய தண்ணீர் மூன்றாம் முறை தெளிந்து வந்தால் அது துப்புரவு. என் தலையில் பேன் இல்லாத வாரம் துப்புரவு. கணக்குப் பாடத்தில் நான் முழு மதிப்பெண் வாங்கி வந்த நாளில்கூட அவள், "துப்புரவா போட்டுக்கிற" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாத அவளிடம் பாராட்டுவதற்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது. அதைத் தாராளமாகச் செலவழித்தாள்.

அதே சொல்லுக்கு இன்னொரு எடை இருப்பது பள்ளிக்கூடம் போன பிறகு தெரிந்தது. உங்கம்மா என்ன வேலை செய்கிறார் என்று வகுப்பில் கேட்டார்கள். "துப்புரவு" என்றேன். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் பையைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும். தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் முதுகலைத் தமிழ் சேர்ந்தபோது, நூலகத்தில் நான் முதலில் தேடிய சொல் துப்புரவுதான். அகராதி எனக்கு ஓர் அதிர்ச்சி கொடுத்தது. சுத்தம் என்ற பொருள் கடைசியில்தான் இருந்தது. அதற்கு முன்னால் துய்த்தல், துய்க்கும் பொருள், வாழ்வதற்கு வேண்டிய பொருள் என்று வரிசையாக இருந்தன. துப்பு என்று தேடினால் உணவு என்றும் வலிமை என்றும் வந்தது. ஒருவனைத் துப்புக் கெட்டவன் என்று திட்டுகிறோமே, அந்தத் துப்பு. சோற்றையும் பலத்தையும் குறித்த சொல் எந்த வழியாக நடந்து துடைப்பத்திடம் வந்து சேர்ந்தது என்பதை எந்த அகராதியும் சொல்லவில்லை. தூய என்ற சொல் வழியில் வந்து கலந்திருக்கலாம் என்றார் ஒரு பேராசிரியர். உண்பதற்குத் தகுதியானது சுத்தமாக இருக்க வேண்டும், அப்படி மாறியிருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான். நிரூபிக்க முடியாது.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காலத்துல துப்புரவுன்னா சாப்பாடும்மா. மனுசன் வாழ்றதுக்கு இன்னா இன்னா வேணுமோ அதெல்லாம்."

"அப்போ நான் கம்பெனில தெனம் விருந்து வெக்கிறேன்னு சொல்லு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மறுநாள் வேலையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அதன்பிறகு அவளுடைய கூட்டாளிகள் வாளியைத் தூக்கும்போதெல்லாம் "விருந்துக்குப் போலாமா" என்று கேட்டுக்கொள்வார்களாம்.

அம்மா வேலை செய்த இடம் வல்லம் வடகாலில், வண்டிகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. அவளுக்குச் சம்பளம் கொடுப்பது தொழிற்சாலை இல்லை, ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு கான்ட்ராக்ட்காரர். சட்டையின் முதுகில் ஆங்கில எழுத்தில் ஹவுஸ்கீப்பிங் என்று அச்சடித்திருக்கும். ஊராட்சியில் அதே வேலை செய்பவர்களின் சட்டையில் தூய்மைப் பணியாளர் என்று மாற்றிவிட்டார்கள். துப்புரவு என்பது கௌரவக் குறைவாகிவிட்டது. சொல்லைத்தான் மாற்றினார்கள். வாளி அப்படியே இருந்தது.

அங்கே பெரிய எதிரி உப்புக்கறை. எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அப்படி. குழாய் சொட்டும் இடத்திலெல்லாம் வெள்ளையும் பழுப்புமாகப் படிந்து, பீங்கானோடு பீங்கானாக இறுகிவிடும். பினாயிலுக்கு அசையாது. ஆசிட்டை ஊற்றி ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். ஷிப்ட்டுக்கு ஷிப்ட் நூற்றுக்கணக்கான ஆட்கள் வந்துபோகும் கழிப்பறையில் யாரும் நேரம் கொடுப்பதில்லை. அதனால் பெண்கள் தங்களுக்குள் ஒரு வழி வைத்திருந்தார்கள், எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்ட வழி. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலந்து ஊற்றுவது. ஒன்று அரிக்கும், ஒன்று வெளுக்கும், இரண்டும் சேர்ந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பது அவர்கள் கணக்கு. புகை வந்தால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். புகை அடங்கியதும் உள்ளே போய்த் தேய்ப்பார்கள். இருமல் வந்தால் பொட்டுக்கடலை மெல்லுவார்கள். சூப்பர்வைசருக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். "எப்படிப் பண்றீங்கன்னு நான் கேக்கல, கறை இருக்கக் கூடாது" என்பது அவர் வாக்கு.

வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிறது என்று ஒரு வாரமாகத் தொழிற்சாலையே பரபரப்பாக இருந்தது. அம்மாவுக்குக் கொடுத்தது மூலையில் இருந்த பழைய கழிப்பறை. ஜன்னலுக்கு வெளியே புதிதாக ஷெட் போட்டு அடைத்துவிட்டார்கள். புகை போக வழியில்லை. அவள் வழக்கம்போலக் கலந்தாள். ஆடிட் அவசரத்தில் வழக்கத்தைவிட அதிகமாகக் கலந்தாள்.

நான் வகுப்பில் இருந்தேன். சூப்பர்வைசரின் எண் திரும்பத் திரும்ப வந்தது. வெளியே வந்து எடுத்தேன். "அம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சுத் திணறல். பயப்பட ஒண்ணுமில்ல. வாங்க" என்றார். பையைக்கூட எடுக்காமல் ஓடினேன். கல்லூரி வாசலில் ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருந்தது. நான் அழுவதைப் பார்த்த ஓட்டுநர் மற்றவர்களை இறக்கிவிட்டு என்னை மட்டும் ஏற்றிக்கொண்டார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. அம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். படுக்க முடியவில்லை அவளால். முகத்தில் ஆவி பிடிக்கும் கருவியின் மூடி. கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தபடி இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் மேலே ஏறி இறங்கியது. அவள் புடவையிலிருந்து வந்த நெடி என் தொண்டையைக் கீறியது.

டாக்டர் என்னைவிடச் சற்று மூத்த பெண். "எதை இழுத்தாங்க?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் சூப்பர்வைசர் சொன்னார்: "பினாயில் வாசனை ஒத்துக்கல மேடம். அவங்களுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு."

"அம்மாவுக்கு வீசிங் கிடையாது" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாம இருக்கும்மா. பெத்தவங்க எல்லாத்தையும் புள்ளைங்ககிட்ட சொல்வாங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "பினாயில்னா கொஞ்ச நேரம் பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுவேன். வேற ஏதாவதுன்னா அனுப்ப மாட்டேன். இப்ப நல்லாத் தெரியும், சாயங்காலம் நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். ஆக்சிஜன் வேணும், பெரிய ஆஸ்பத்திரி போகணும். அதனாலதான் கேக்கறேன். எதை இழுத்தாங்க?"

அம்மா மூடியை விலக்கிப் பேசப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டு நாளாவே உடம்பு சரியில்லன்னு சொல்றாங்க மேடம்" என்றார் சூப்பர்வைசர்.

அம்மா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்குப் புரியவில்லை. மொழியைப் படித்தவள் நான். என் அம்மாவின் இரண்டு விரலை என்னால் வாசிக்க முடியவில்லை.

வெளியே ஓடி, அம்மாவோடு வேலை செய்யும் பெண்ணுக்குப் போன் செய்தேன். எங்கள் தெருதான். சித்தி என்றுதான் கூப்பிடுவேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். மறுபடி. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன, அந்த இரைச்சலில் போன் அடிக்கும் சத்தம்கூட எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கடைசியில் எடுத்தாள்.

"சித்தி, அம்மா இன்னா ஊத்துச்சு?"

அவள் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சித்தி, சொல்லு. டாக்டர் வூட்டுக்கு அனுப்பிடுவேன்றாங்க."

"அவுரு எங்க கீறாரு? பக்கத்துலயா?"

"உள்ள கீறாரு. நான் ரோட்ல நிக்கிறேன்."

"நான் சொன்னேன்னு சொல்லாத கண்ணு. கலக்கக் கூடாதுன்னு செவுத்துல எழுதி ஒட்டிக்கிறாங்களாம். எங்களுக்கு இன்னா தெரியும், படமா போட்டுக்கிறான்? கலந்தது தெரிஞ்சா அத்தினி பேரையும் நிறுத்திடுவேன்னு கெளம்பும்போதே சொல்லிட்டுப் போனாரு."

"சித்தி. எங்கம்மா செத்துரும்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆசிட்டும் பிளீச்சிங்கும். ரெண்டும். ரெண்டையும் ஒரே பக்கெட்ல. போதுமா? போ."

உள்ளே வந்து டாக்டரிடம் சொன்னேன். சூப்பர்வைசரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார். டாக்டர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அவர் சொன்னபடியே சாயங்காலத்தில் அம்மாவின் நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அப்போது அவள் பெரிய மருத்துவமனையில் ஆக்சிஜனில் இருந்தாள். வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை. யோசிக்க ஆரம்பித்தால் எனக்கும் மூச்சு முட்டுகிறது.

பிழைத்தாள். மூடியைக் கழற்றிப் பேச விட்ட அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "கறை போச்சா?"

எனக்கு வந்த கோபத்தை எந்த அகராதியிலும் தேட முடியாது. "போச்சும்மா" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தாள். மூச்சு வரவில்லை. வந்தது, ஆனால் பழைய மூச்சு வரவில்லை. ஒரு குடம் தூக்கினால் உட்கார்ந்துவிடுகிறாள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. தாளிப்பு நெடி ஆகாது, ஊதுபத்தி ஆகாது, துடைப்பம் கிளப்பும் தூசி ஆகாது. பல மாதம் ஆகலாம், முழுதாகத் திரும்பாமலும் போகலாம் என்றார்கள். இன்ஹேலர், மாதாமாதம் பரிசோதனை. எல்லாம் அவள் பெயரில் இருக்கும் காப்பீட்டு அட்டையால் நடக்கிறது. அட்டை அவள் வேலையில் இருப்பதால் இருக்கிறது. எங்களுக்கு அப்பா இல்லை. வேறு அட்டையும் இல்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் உடம்பு முடியாமலோ பிரசவத்துக்கோ நின்றால், அவள் இடத்தில் அவள் வீட்டு ஆள் போய் நிற்க வேண்டும். மகள், மருமகள், தங்கை, யாராவது. அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவள் பெயருக்கு வேலை செய்ய வேண்டும். அப்படி நின்றால் இடம் அவளுடையதாகவே இருக்கும். நிற்காவிட்டால் வேறு பெயர் ஏறிவிடும். அட்டை உடனே போய்விடாது, சட்டம் இருக்கிறது என்று கல்லூரியில் ஒருவர் சொன்னார். கான்ட்ராக்ட்காரரிடம் அதைச் சொன்னேன். "அப்படியா? அப்ப சட்டத்தையே அனுப்புங்க, பெருக்கட்டும்" என்றார்.

அம்மா மறுநாளே கிளம்பத் தயாரானாள். சட்டையை எடுத்து உதறினாள், உதறிய தூசிக்கே இருமி, சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள். நான் அந்தச் சட்டையை அவள் கையிலிருந்து வாங்கி மாட்டிக்கொண்டேன். அவள் தடுத்தாள். "படிக்கிற புள்ள நீ" என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்கள் சும்மா விடவில்லை.

"பாத்துக்கோங்கடி, எம்.ஏ. தமிழு கக்கூசு கழுவ வந்துக்கீது. இனிமே தண்ணி இலக்கணமா ஊத்தும்."

"இன்னாம்மா, பொழிப்புரை சொல்லிக்கினே தேய்ப்பியா?"

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அங்கே நிற்க முடியாது. அவர்கள் என் பங்கில் பாதியைப் பேசாமல் முடித்துக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூலைக் கழிப்பறை எனக்குத்தான் வந்தது. கறை இருந்தது. அம்மா விழுந்த இடத்தில் கறை கால்வாசிகூடப் போயிருக்கவில்லை. நான் தண்ணீரில் கொஞ்சமாக ஆசிட் கலந்து ஊற்றி, காத்திருந்து, தேய்த்து, அலசி, மறுபடி ஊற்றினேன். அது மட்டும் போதும், பிளீச்சிங் தேவையே இல்லை என்று ஆஸ்பத்திரியில் கேட்டு வந்திருந்தேன். போதும்தான். ஆனால் மெதுவாகப் போகும். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கம்மா இந்நேரம் முடிச்சிருப்பாங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது என்னவென்று அவருக்கே உறைக்கவில்லை.

அன்று மதியம் சித்தி ஒரு வாளியோடு வந்தாள். "நீ வெளிய போய் நில்லு கண்ணு. நான் சட்டுனு ஊத்திட்டு வந்துர்றேன்" என்றாள். வாளியில் பவுடர் கரைந்திருந்தது. மறுகையில் ஆசிட் கேன்.

"சித்தி, வேணாம்."

"நாளைக்கு உன் எடத்துல வேற ஆள் நிக்கும். பரவால்லயா?"

"எங்கம்மா விழுந்ததைப் பாத்தவ நீ."

"பாத்தேன். அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? என்னாண்ட இதான் கீது. உன்னாண்ட வேற எதுனா கீதா? சொல்லு, அதை ஊத்தறேன்."

வாளியை அவள் கையிலிருந்து பிடுங்கி, வெளியே சாக்கடையில் கவிழ்த்தேன். சித்தி காலி வாளியை எடுத்துக்கொண்டாள். கத்தவில்லை.

"ஊத்திட்டியா. சரி. இப்ப இந்த அத்தினி கக்கூசையும் நீயே தேய்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேய்த்தேன். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. உடைந்த இடத்தில் ஆசிட் பட்டபோது கண்ணில் நீர் வந்தது. அந்த நேரத்தில் அகராதியின் பழைய பொருள்கள் எனக்கு ஞாபகம் வந்தன, வரக்கூடாதுதான். உணவு, வலிமை, வாழ்வதற்கு வேண்டிய பொருள். இந்த இடத்திலிருந்துதான் எங்களுக்குச் சோறு வந்தது. இதே இடம்தான் அம்மாவின் பலத்தை எடுத்துக்கொண்டது. ஒரு சொல்லின் வரலாற்றை ஆய்வு செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். இப்படி மண்டியிட்டு ஆய்வு செய்வேன் என்று நினைக்கவில்லை. கறை முழுதாகப் போகவில்லை. ஷிப்ட் முடிந்தபோது சித்தி மறுபடி வந்தாள், வெறும் பிரஷ்ஷோடு. பேசாமல் எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்து தேய்த்தாள்.

ஆனால் மற்ற கழிப்பறைகளில் இன்னும் கலக்கிறார்கள். என்னைக் கண்டால் வாளியை மறைக்கிறார்கள். சுவரில் ஒட்டியிருந்ததை நான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், கேட்டுக்கொண்டார்கள். "நீ சொல்றது நெசம்தான், நேரம் யாரு குடுப்பா?" என்றார்கள். காரிடாரில் யாராவது இருமினால் நான் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். இருமல் நிற்கும் வரை அங்கேயே நிற்கிறேன்.

கல்லூரிக்கு வாரத்தில் ஓரிரு நாள்தான் போகிறேன். இந்தப் பருவத் தேர்வு எழுத விடுவார்களா என்று தெரியவில்லை. அம்மாவிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

காலையில் கம்பெனி வண்டி எங்கள் தெருமுனைக்கு வரும். அம்மா இப்போது என்னோடு அதுவரை நடந்து வருகிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. நடந்து பழகிக்கொண்டால்தான் வேலைக்குத் திரும்ப முடியும் என்கிறாள். சின்னத் தூரம்தான். அதற்குள் நின்று நின்று வருகிறாள். நிற்கும்போது மூச்சுக்காக நிற்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். யார் வீட்டுக் கோலத்தையாவது பார்ப்பாள், செருப்பைச் சரிசெய்வாள். முனைக்கு வந்ததும் சிறுபாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிடுவாள்.

இன்று காலை வண்டி வந்தபோது ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "இன்னாக்கா, எப்ப வர்ற?" என்று கேட்டார். வாரா வாரம் கேட்கிறார்.

"திங்கக்கெ..." என்றாள் அம்மா. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். வண்டி உறுமிக்கொண்டிருந்தது, உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றேன். மீதிச் சொல்லுக்கான மூச்சு அவளுக்கு வரும் வரை எல்லோரும் காத்திருந்தோம்.